பாம்பன் காற்றில் எட்டு சைக்கிள்கள்: கடலோரச் சாலையில் குழுவாக ஓட்டுவோருக்கு முழுமையான வழிகாட்டி

ஆடு எந்தத் தப்பும் செய்யவில்லை. உச்சிப்புளி தாண்டிச் சாலையோரம் நின்றுகொண்டிருந்தது, எங்களைப் பார்த்தது, நின்ற இடத்திலேயே நின்றது. முதலில் போனவர் அது குறுக்கே பாயும் என்று நினைத்துச் சட்டென்று பிரேக்கைப் பிடித்தார். இரண்டாமவர் எப்படியோ சமாளித்தார். மூன்றாவதாகப் போன என்னுடைய முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தின் வலப்பக்கத்தில் உரசியது. சர்ரென்று ஒரு சத்தம். அடுத்த கணம் தார்ச்சாலை என் கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்தது. காறை எலும்பு முறிந்து, ஆறு வாரம் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தேன். நான் விழுந்தது சாலையின் நடுப்பக்கமாக. அப்போது பின்னால் பஸ் வரவில்லை. அதனால்தான் இதை எழுத மிச்சமிருக்கிறேன்.

சைக்கிள்காரர்கள் கூடினால் லாரியைத் திட்டுவோம், பஸ்ஸைத் திட்டுவோம். திட்டுவதற்கு நியாயமும் உண்டு. ஆனால் எங்கள் குழுவில் இதுவரை விழுந்தவர்களில் பெரும்பாலோரை விழவைத்தது முன்னால் போன நண்பரின் பிரேக்தான். தனியாக ஓட்டுகிறவன் தன் கண்ணை நம்பி ஓட்டுகிறான். குழுவில் ஓட்டுகிறவன் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்து ஓட்டுகிறான். சாலை அவனுக்குத் தெரியாது. இனி நான் சொல்வதெல்லாம் அந்தக் குருட்டுத்தனத்துக்கு மருந்து தேடிய கதை.

1. நாளும் நேரமும் பார்ப்பது

ராமநாதபுரத்திலிருந்து குழுவாகப் போக மூன்று வழிகள் உண்டு. கிழக்கே தேசிய நெடுஞ்சாலை 87 வழியாக உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், ராமேசுவரம், தனுஷ்கோடி. தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி. வடக்கே அதே சாலையில் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி. புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு போவதாக இருந்தால் தேவிபட்டினம் போதும். போக வர முப்பது கிலோமீட்டர்தான், நடுவில் பெரிய பாலமும் இல்லை. ராமேசுவரம் ஒரு வழிக்கே ஐம்பத்தைந்து கிலோமீட்டர். முதல் வாரமே ஆசைப்பட வேண்டாம்.

எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைதான் கிளம்புகிறோம். ராமேசுவரம் விசைப்படகுகள் வழக்கமாகக் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. சனிக்கிழமை போனவை ஞாயிறு காலையில் கரைக்கு வரும். ஆக, நாம் கிழக்கே போகும் அதே நேரத்தில் மீன் வண்டிகள் மேற்கே பறந்து வரும். ஐஸ் உருகுவதற்குள் மதுரையைப் பிடிக்க வேண்டியவர்கள் அவர்கள். நமக்கு அவசரம் எதுவும் இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருப்பதால் அப்போது சாலை கொஞ்சம் மூச்சுவிடும், ஆனால் வெயில் மண்டையைப் பிளக்கும்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேசுவரம் பக்கமே போகாதீர்கள். ஊர் முழுக்க வேனும் பஸ்ஸும்தான். செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் கடைசி வாரம் பசும்பொன்னில் தேவர் குருபூஜை ஆகியவற்றை ஒட்டி மாவட்டம் முழுவதும் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் இருக்கும். அந்த நாட்களில் கூட்டமாகச் சைக்கிளில் போவது காவல் துறைக்கும் தொல்லை, நமக்கும் தொல்லை.

அடுத்தது வெயிலின் திசை. இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். மண்டபம் நோக்கிப் போகும் சாலை கிழக்கே போகிறது. விடிந்து முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குச் சூரியன் நேர் எதிரே, கண் மட்டத்தில் நிற்கும். நம் கண் கூசுவது பெரிய விஷயமில்லை. நமக்குப் பின்னால் அறுபது எழுபது வேகத்தில் வரும் வேன் ஓட்டுநருக்கும் அதே சூரியன் அதே இடத்தில்தான் நிற்கிறது. அவர் பார்வைக்கு நாம் எட்டுக் கறுப்புக் கோடுகள், சில சமயம் அதுவும் இல்லை. அதனால் நாங்கள் இருட்டிலேயே விளக்கோடு கிளம்புகிறோம். விடியும்போது எங்கே இருக்கிறோமோ அங்கே ஒரு டீக்கடையில் இறங்கிவிடுகிறோம். சூரியன் பனைமர உயரம் ஏறிய பிறகுதான் மறுபடி பெடலை மிதிப்பது. மாலையில் மேற்கே திரும்பும்போதும் இதே கணக்குதான்.

2. எத்தனை பேர், யார் எங்கே

ஒரு வரிசைக்கு எட்டுப் பேர். பதினாறு பேர் வந்தால் இரண்டு வரிசை. கூட்டம் பெரிதாக இருந்தால் பாதுகாப்பு என்று நம்புகிறவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு.

சைக்கிளின் நீளம் ஏறக்குறைய 1.8 மீட்டர். நடுவில் அதே அளவு இடைவெளி விட்டால் எட்டுப் பேர் ஒற்றை வரிசையில் சுமார் 27 மீட்டர், இருபது பேர் 70 மீட்டர். நாம் மணிக்கு 25 கிலோமீட்டர், பஸ் 60 கிலோமீட்டர். பஸ்ஸின் நீளத்தையும் முன்னும் பின்னும் பத்துப் பத்து மீட்டரையும் சேர்த்துப் பார்த்தால், எட்டுப் பேரைத் தாண்ட பஸ்ஸுக்கு ஆறு விநாடி ஆகும். அதற்குள் அது நூறு மீட்டர் போய்விடும். இருபது பேரைத் தாண்ட பத்து விநாடிக்கு மேல். சுமார் 175 மீட்டர். அவ்வளவு தூரமும் அது வலப்பக்கத்தில் ஓட வேண்டும். எதிரே லாரி வந்தால் ஓட்டுநர் என்ன செய்வார்? இடப்பக்கம் ஒடிப்பார். அங்கே நாம் இருக்கிறோம்.

ஆகவே இரண்டு வரிசைகளுக்கு நடுவே குறைந்தது நூறு மீட்டர், முடிந்தால் இருநூறு மீட்டர் விடுங்கள். ஒரு பஸ் நிதானமாக உள்ளே ஒதுங்கி, மறுபடி முந்துவதற்கான இடம் அது. பின்வரிசை முன்வரிசையை எட்டிப்பிடிக்க ஆசைப்படக் கூடாது. ஆசை வரும். நானே இரண்டு முறை பிடித்திருக்கிறேன்.

வரிசையில் இரண்டு பேர் முக்கியம்: முதல் ஆள், கடைசி ஆள். முதல் ஆளாக வேகமானவரைப் போடாதீர்கள். பொறுமையானவரைப் போடுங்கள், சாலை தெரிந்தவராக இருக்க வேண்டும். வரிசையின் வேகத்தை முடிவு செய்வது இருப்பவர்களிலேயே மெதுவாக ஓட்டுகிறவர். அவரை இரண்டாவது இடத்தில் வையுங்கள். முதல் ஆளுக்கு அவருடைய மூச்சுச் சத்தம் கேட்கும். கடைசி ஆள்தான் குழுவிலேயே அனுபவசாலி. பின்னால் வரும் வண்டியை முதலில் அறிபவர் அவர். பஞ்சரானவரோடு நிற்பவர் அவர். சிவப்பு விளக்கு மினுக்க வேண்டியதும் அவருடையது மட்டும்தான். மற்றவர்களின் பின்விளக்கு மினுக்காமல் நிலையாக எரியட்டும். அரை மணி நேரம் மினுக்கும் விளக்கின் பின்னால் ஓட்டிப் பாருங்கள், காரணம் புரியும்.

தொழில்முறைப் பந்தயங்களில் முதல் ஆள் ஓடிக்கொண்டே விலகிப் பின்னால் போய்ச் சேருவார். நம் ஊர்ச் சாலையில் அவர் விலக வேண்டியது வலப்பக்கம், அதாவது வண்டிகளின் பாதையில். வேண்டாம். டீக்கடையில் இறங்கும்போது ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். அவ்வளவு அவசரமான காற்றை எதிர்த்து யாரும் போருக்குப் போகவில்லை.

3. சைக்கிள்

கிளம்பும் இடத்தில் ஐந்து நிமிடம். இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்துச் சைக்கிளை முன்னே தள்ளுங்கள், நகரக் கூடாது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு நெளிகிறதா பாருங்கள். உப்புக்காற்றில் பிரேக் கம்பி உறைக்குள் துரு ஏறி, அழுத்தினால் தாமதமாகப் பிடிக்கும், விட்டால் திரும்ப மாட்டேன் என்னும். தனியாகப் போனால் அது உங்கள் பிரச்சினை. வரிசையில் அது பின்னால் வருகிறவரின் பிரச்சினை.

கைப்பிடியின் முனையில் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். மூடியில்லாத குழாய் முனை விழும்போது வயிற்றில் துளை போடும். ஹெல்மெட் இல்லாதவரை அன்புடன் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். காதில் பாட்டு கேட்டுக்கொண்டு வருகிறவரையும்தான்.

ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு மாற்று டியூப். விலை உயர்ந்த சைக்கிள்களில் வால்வு சன்னமாக இருக்கும். வழியில் உள்ள பஞ்சர் கடைப் பம்பு அதில் பொருந்தாது. விரல் நுனி அளவில் ஒரு பித்தளை மாற்றுமூக்கு கிடைக்கிறது, வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தங்கச்சிமடத்தில் ஒரு பஞ்சர் கடைக்காரர் என் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்கு ஊசிதான் போட வேண்டும், தம்பி" என்றார்.

4. இடைவெளியும் சொல்லும்

மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஏழு மீட்டர். முன்னால் போகிறவர் சடாரென்று நின்றால், அதைக் கண்டு நம் விரல் பிரேக்கை அழுத்த ஒரு விநாடி ஆகிவிடும். நாம் விட்டிருக்கும் இடைவெளி இரண்டு மீட்டர் கூட இல்லை. கணக்குத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு விநாடியை முன்கூட்டியே நமக்கு வாங்கித் தரக்கூடியது முன்னால் இருப்பவரின் வாய் ஒன்றுதான்.

அதனால் எங்கள் குழுவில் சொற்கள் இவை. ஆங்கிலத்தில் கத்திப் பார்த்தோம். பாதிப் பேர் யோசித்துப் புரிந்துகொள்வதற்குள் குழி வந்துவிட்டது.

"குழி": குழியும் வேகத்தடையும். எந்தப் பக்கம் என்று கையைத் தாழ்த்திச் சுட்ட வேண்டும்.
"மணல்", "ஈரம்": சக்கரம் வழுக்கும் எதுவும்.
"ஆடு": ஆடு, மாடு, நாய், தெருவில் விளையாடும் பிள்ளைகள் என அசையும் எல்லாமும். ஆடு என்று பெயர் வைத்ததற்குக் காரணம் என் காறை எலும்பு.
"மெதுவாக": வேகம் குறைகிறது.
"நிறுத்தம்": நிற்கப் போகிறோம். கையையும் உயர்த்த வேண்டும்.
"பின்னால் வண்டி": கடைசி ஆள் சொல்வது. முன்னோக்கிப் போகும்.
"முன்னால் வண்டி": முதல் ஆள் சொல்வது. பின்னோக்கிப் போகும்.

ஒவ்வொரு சொல்லையும் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இதுதான் கடினமான பாகம். படித்தவர்களுக்கு நடுச்சாலையில் "ஆடு, ஆடு" என்று கத்த வெட்கமாக இருக்கிறது. கடல் காற்றில் மூன்றாவது ஆளுக்கு மேல் குரல் போகாது. நான்காமவர் வாயை மூடிக்கொண்டால் ஐந்திலிருந்து எட்டு வரை குருடர்கள். எங்கள் விதி எளிது: சொல்லை விழுங்கியவர் அன்றைய டீக்குப் பணம் கொடுக்க வேண்டும். மூன்று வாரத்தில் எல்லாருக்கும் குரல் திறந்துவிட்டது.

"போகலாம், வழி இருக்கிறது" என்று மட்டும் யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. சாலைச் சந்திப்பில் முதல் ஆள் தாண்டும்போது வழி இருந்திருக்கும். ஐந்தாமவர் வரும்போது இருக்காது. ஒவ்வொருவரும் தானே திரும்பிப் பார்த்துத்தான் தாண்ட வேண்டும். வரிசை அறுந்தால் அறுந்துபோகட்டும், அந்தப் பக்கம் காத்திருக்கலாம்.

இனி கை, கண், பிரேக். முன்னவரின் சக்கரத்தையே பார்க்காதீர்கள். அவர் தோளுக்கு மேலாக அவருக்கும் முன்னால் போகிறவரைப் பாருங்கள். விரல்கள் எப்போதும் பிரேக்கின் மேல் கிடக்கட்டும். வேகம் கூடிவிட்டது என்று தோன்றினால் முதலில் பெடலை நிறுத்துங்கள், பிறகு நிமிர்ந்து உட்காருங்கள். காற்றே பாதி வேகத்தைத் தின்றுவிடும். பிரேக் கடைசி. முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரத்தை ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். அவர் ஒரு குழிக்காக ஒரு சாண் விலகினால் போதும், சக்கரங்கள் உரசும். விழுவது அவர் இல்லை, நீங்கள். ஏனென்றால் திசை திருப்பும் சக்கரம் உங்களுடையதுதான் மாட்டியிருக்கும்.

இரட்டை வரிசையா ஒற்றை வரிசையா என்ற சண்டை எல்லாக் குழுவிலும் உண்டு. இரட்டையாகப் போனால் வரிசையின் நீளம் பாதியாகும், பஸ் தாண்டும் நேரமும் குறையும் என்பது உண்மை. ஆனால் இங்கே பல இடங்களில் சாலை இரண்டு வண்டி அகலம்தான்; இரட்டை வரிசையைத் தாண்ட வண்டி எதிர்ப்பாதைக்கு முழுசாகப் போக வேண்டும். அதோடு பக்கத்தில் ஆள் வந்தால் பேச்சு வந்துவிடும். பேச்சு வந்தால் முகம் திரும்பிவிடும். என் தீர்ப்பு ஒற்றைதான். அகலமான, ஆளில்லாத நீட்டில் முதல் ஆள் சொன்னால் இரட்டை. "பின்னால் வண்டி" என்றதும் மறுபடி ஒற்றை. மூன்று பேர் சேர்ந்து போவது மட்டும் எந்தச் சாலையிலும் கிடையாது.

5. காற்றும் பாலமும்

பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறக்கப்பட்டது. நீளம் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல். கப்பல் கால்வாய்க்கு வழிவிட நடுவில் மேடாக உயர்ந்து பிறகு தாழும். நெஞ்சை நிறைக்கும் இடம், சந்தேகமில்லை. சைக்கிள்காரனுக்கு இந்தக் கடற்கரையிலேயே கடினமான இடமும் அதுதான்.

வைகாசி முதல் புரட்டாசி வரை மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேல்காற்று வீசும். தென்மேற்கிலிருந்து வரும். ராமேசுவரம் நோக்கிப் போகும்போது அது வலப்பக்கத்திலிருந்து அடித்து நம்மைக் கைப்பிடிச் சுவர் பக்கம் தள்ளும். திரும்பி வரும்போது இடப்பக்கத்திலிருந்து அடித்துச் சாலையின் நடுவே தள்ளும். களைத்திருக்கும் நேரமும் அதுதான். ஆகவே அந்த மாதங்களில் திரும்பும் பயணம்தான் ஆபத்து. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது கதை தலைகீழ்: போகும்போதுதான் கவனம் தேவை.

பஸ் தாண்டும்போது நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கச்சான் காற்றில் கிழக்கே போகிறீர்கள். காற்று வலப்பக்கம் அடிப்பதால் உங்களை அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுகிறீர்கள். அந்த வலப்பக்கத்தில் பஸ் வருகிறது. ஒரு விநாடி காற்றை முழுசாக மறைத்துவிடுகிறது. சாய்ந்து முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த உங்களுக்கு எதிரே காற்று இல்லை. சைக்கிள் பஸ்ஸை நோக்கிச் சாய்கிறது. பதறி இடப்பக்கம் இழுப்பதற்குள் பஸ் தாண்டிவிடுகிறது. அடைபட்டிருந்த காற்று ஒரே அறையாக வந்து சுவர் பக்கம் வீசுகிறது. இரண்டு விநாடிக்குள் இரண்டு திசை. முதல் முறை எனக்கு இது நடந்தபோது யாரோ பிடித்துத் தள்ளியதாகவே நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

இதற்கு மருந்து: பாலத்தில் இடைவெளியை மூன்று சைக்கிள் நீளமாக்குங்கள். கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பிடித்து உடலைத் தாழ்த்துங்கள். முழங்கை தளர்ந்திருக்கட்டும், இறுக்கிப் பிடித்தால் உடம்பின் ஆட்டமெல்லாம் சக்கரத்துக்குப் போகும். சுவரை ஒட்டிப் போகாதீர்கள், ஒரு மீட்டர் விட்டுப் போங்கள். தள்ளினால் போக இடம் வேண்டும். பக்கக்காற்றில் ஒருவருக்கொருவர் மறைவாகச் சாய்வு வரிசையில் ஓட்டுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது சாலை முழுவதையும் அடைக்கும். பந்தயத்துக்காகச் சாலையை மூடி வைத்திருக்கிறார்கள். நமக்காக யாரும் மூடவில்லை.

பாலத்தின் இணைப்புகளில் குறுக்கே இரும்புப் பட்டைகள் இருக்கும். பனியிலும் மழையிலும் அவை கண்ணாடி. நேராக, பெடல் மிதிக்காமல், பிரேக் தொடாமல் தாண்டுங்கள்.

பிறகு ரயில். 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்தைப் பார்க்க, ரயில் வரும் நேரத்தில் சாலைப் பாலமே திருவிழாக் கூட்டமாகிவிடும். நிறுத்தக் கூடாத இடத்தில் கார்கள் நிற்கும். கதவு படாரென்று திறக்கும். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி பின்னோக்கியே நடந்து சாலைக்கு வருவார்கள். நடை வேகத்துக்கு இறங்கிவிடுங்கள். முக்கியமாக, நாமும் நின்று படம் எடுக்க வேண்டாம். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் இல்லை. எங்கள் குழுவில் காற்று மிஞ்சினால் எட்டுப் பேரும் இறங்கிவிடுவோம், ஒருவர் இறங்கினாலும் எல்லாரும் இறங்குவது வழக்கம்.

தனுஷ்கோடியின் அரிச்சல்முனைச் சாலை 2017இல் திறந்தது. ஒரு பக்கம் பெண்கடல் (வங்கக் கடல்), மறுபக்கம் ஆண்கடல் (மன்னார் வளைகுடா), நடுவில் நாம். காற்றுக்குத் தடை எதுவுமே இல்லை. போகும்போது "இன்று கால் நன்றாக இருக்கிறதே" என்று பூரித்தால் பின்காற்று தள்ளுகிறது என்று பொருள். திரும்பும்போது வட்டியோடு கட்ட வேண்டும். பாதித் தண்ணீரைத் திரும்பும் வழிக்கு வையுங்கள். கைப்பேசிச் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். மாலையில் ஆட்களை வெளியேற்றிவிடுவார்கள். வெளியேற்றும் வரை இருக்காதீர்கள்.

6. சாலையில் கிடப்பவை

மீன் வண்டியிலிருந்து ஒழுகும் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. செதிலும் கொழுப்பும் கலந்தது. வேகத்தடையில் வண்டி குலுங்கும்போதும் வளைவில் சாயும்போதும் கொட்டும். சாலையில் கறுப்பாக ஒரு கோடு, மூக்கில் ஒரு வாடை. மூக்கு முதலில் சொல்லிவிடும், நம்புங்கள். வளைவில் அந்தக் கோட்டின் மேல் சாயாதீர்கள்.

தனுஷ்கோடிச் சாலையில் காற்று மணலை நாக்கு நாக்காகத் தாரின் மேல் நீட்டி வைத்திருக்கும். மணலுக்குள் நுழைந்த பிறகு திருப்பாதீர்கள், பிரேக் பிடிக்காதீர்கள்; முன்பே வேகத்தைக் குறைத்து நேராகக் கடந்துவிடுங்கள்.

சீமைக்கருவேல முள்ளைப் பற்றி ராமநாதபுரத்துக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விறகும் கரிமூட்டத்துக்கான கட்டையும் ஏற்றிப் போகும் வண்டிகள் உதிர்த்துக்கொண்டே போகும். தாரின் இட விளிம்பில்தான் அதிகம் சேரும். விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே ஓட்டுங்கள். பஞ்சரானால் "பஞ்சர்" என்று சொல்லிவிட்டு, நேராக ஓட்டி மெதுவாக நில்லுங்கள். முன்டயர் என்றால் பின்பிரேக் மட்டும். எட்டுப் பேரும் தாரைவிட்டு மண்ணில் இறங்க வேண்டும். ஒரு டியூபை மாற்ற ஏழு பேர் சாலையில் நின்று ஆலோசனை சொல்வதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

ஆட்டு மந்தையில் ஒன்று தாண்டினால் மற்றதெல்லாம் தாண்டும். நடுவில் புகாதீர்கள். நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். வரிசை உடைந்து ஒருவர் மேல் ஒருவர் விழுவதைவிட நாயைப் பார்த்து ஓர் அதட்டல் போடுவது நல்லது.

7. ஊருக்குள்

கடற்கரைச் சாலை ஊர்களின் நடுவில்தான் போகிறது. அந்தச் சாலை முதலில் அந்த ஊர்க்காரர்களின் வாசல். ஒரு முறை பெருங்குளம் பக்கம் டீக்கடையில் எட்டுச் சைக்கிளையும் வரிசையாக நிறுத்திவிட்டு அரட்டை அடித்துக்கொண்டிருந்தோம். மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நின்ற ஓர் ஆத்தா, எங்கள் சைக்கிள்களைச் சுற்றித் தாருக்கு இறங்கி நிற்க வேண்டியதாயிற்று. பஸ் வந்து பிரேக் போட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஏறும்போது திரும்பி, "என்ன அப்பு, ரோடு முழுக்க உங்களுக்குத்தானா?" என்றார். பதில் இல்லை. இன்றும் டீக்கடையில் முதல் ஆளின் வேலை, பஸ் நிற்கும் இடத்துக்குத் தள்ளி நிறுத்த இடம் பார்ப்பது.

கீழக்கரையின் கடைத்தெருக்கள் குறுகல். ஊருக்குள் வரிசையை மறந்து அவரவராகப் போய் மறுபக்கம் சேருங்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ முடியும் நேரத்தில் பள்ளிவாசல்கள் பக்கம் இறங்கித் தள்ளுவதே மரியாதை. ஏர்வாடி தர்காவுக்கு மனநலம் தேடி வந்து தங்கியிருப்பவர்கள் சாலையில் நடமாடுவார்கள். மணியை அடித்துப் பதறவைக்காமல் மெதுவாக விலகிப் போங்கள். காவல் துறைத் தடுப்புகளுக்கு நடுவே வளைந்து புகுந்து வித்தை காட்ட வேண்டாம்.

8. விழுந்துவிட்டால்

முதல் வேலை விழுந்தவரைத் தூக்குவது இல்லை. கடைசி ஆள் ஐம்பது மீட்டர் பின்னால் ஓடிப் போய் வண்டிகளை ஒதுக்க வேண்டும். விழுந்தவருக்கு அடுத்து இருந்தவர் அவரோடு பேச வேண்டும். மற்றவர்கள் சைக்கிள்களோடு மண்ணுக்கு. கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்திருக்கிறது என்றால் அசைக்காதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், தண்ணீரைப் புகட்டாதீர்கள். 108க்கு அழைப்பவர் ஒருவர்தான். இடத்தைச் சொல்லும்போது "பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால்" என்று சொல்லாதீர்கள். எந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில், எந்தக் கிலோமீட்டர் கல், எந்தத் திசை போகும் பக்கம் என்று சொல்லுங்கள். பெரிய காயத்துக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். அரிச்சல்முனையிலிருந்து அது எழுபது கிலோமீட்டருக்கு மேல் என்பதை நினைவில் வைத்துத்தான் அங்கே வேகத்தை முடிவு செய்ய வேண்டும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசமாகத் தரும் "நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரிலிருந்து தமிழகத்தில் இருக்கிறது. பணம் கையில் இல்லை என்று யாரும் தயங்க வேண்டாம்.

வழியில் வேறு யாராவது அடிபட்டுக் கிடந்தாலும் நில்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவரை வழக்கிலிருந்து காக்கிறது. பெயர் சொல்லும்படிகூட வற்புறுத்த முடியாது.

விழவைத்தவர் நாமாக இருந்தால்? சைக்கிளுக்கு உரிமம் இல்லை, எண்பலகை இல்லை, ஆகவே சட்டமும் இல்லை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆவது பிரிவு, பொதுவழியில் மனித உயிருக்கு ஆபத்தாகும்படி கவனமின்றி வாகனம் ஓட்டுகிறவரோடு சவாரி செய்கிறவரையும் சேர்த்தே பேசுகிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மோட்டார் வண்டிக்கு இருப்பதுபோல் சைக்கிளுக்குக் கட்டாயக் காப்பீடு கிடையாது. கூடை தூக்கி நடந்த ஒரு பாட்டியை நாம் இடித்துவிட்டால், மருத்துவச் செலவு நம் சட்டைப்பையிலிருந்துதான் போக வேண்டும். குழுவில் இதை முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நாங்கள் மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு வைக்கிறோம்.

"வருவது அவரவர் பொறுப்பு" என்று கையெழுத்து வாங்கும் குழுக்கள் உண்டு. வாங்கட்டும். ஆனால் வழியைத் தேர்ந்தெடுத்தவர், நேரத்தைக் குறித்தவர், புதியவரைச் சேர்த்தவர் என்று ஒருவர் இருக்கிறார். காகிதம் அவருடைய மனச்சாட்சிக்கு ஜாமீன் தராது. என்னை விழவைத்த அந்த முதல் ஆள் ஆறு வாரமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். மன்னிப்பு என்ற சொல்லை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. இப்போது எங்கள் வரிசையில் மிகச் சத்தமாக "ஆடு" என்று கத்துகிறவர் அவர்தான்; சில நேரம் ஆடே இருக்காது.

9. வீடு வந்த பிறகு

கடைசி ஆள் வீடு சேர்ந்து செய்தி அனுப்பும் வரை முதல் ஆள் படுக்கக் கூடாது. பிறகு சைக்கிள். உப்பு அன்றைக்கே கழுவப்பட வேண்டும்; ஒரு வாரம் விட்டால் செயின் செம்மண் நிறமாகிவிடும், பிரேக் கம்பி உள்ளே இறுகிவிடும், அடுத்த ஞாயிறு அதன் பலனை உங்களுக்குப் பின்னால் வருகிறவர் அனுபவிப்பார். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும் தெருவில் குழாய் வைத்துப் பீய்ச்ச வேண்டாம். நல்ல தண்ணீர் இரண்டு செம்பு, ஒரு பழைய பனியன் துணி, செயினுக்கு ஏழெட்டுச் சொட்டு எண்ணெய். துடைத்து முடித்ததும் டயரை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். முள் இருந்தால் அப்போதே தட்டுப்படும்.